காரணம் எழுதாத உத்தரவு

சுங்கை பினாங், மலேசியா,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ரூபினிக்கு,

அம்மா ஆசியுடன் எழுதுவது. பெர்த்தில் வெயில் தணிந்ததா? பேரன் ஹரீஷுக்குச் சளி விட்டதா? போனில் பேசினால் இந்தச் சின்ன வீட்டில் அப்பா காதில் விழும். அதனால்தான் கடிதம்.

அப்பாவுக்கு வேலை போனது உனக்குத் தெரியும். எப்படிப் போனது என்று நாங்கள் முழுதாகச் சொல்லவில்லை. அரசாங்கக் கிளினிக்கின் மருந்துக் கிடங்கில் பெட்டிகள் குறைந்தன. சாவி வைத்திருந்தவர் என்பதால் அப்பாவிடம் விளக்கம் கேட்டார்கள். அந்த வாரம் புக்கிட் மெர்தாஜாமில் பெரியப்பாவின் கருமாதிக்குப் போயிருந்ததாகவும் சாவியை மேலதிகாரியிடம் கொடுத்ததாகவும், லீவுக் கடிதத்தையும் சேர்த்து எழுதிக் கொடுத்தார். வந்த பதில் இரண்டே வரி. விளக்கத்தைப் பரிசீலித்தார்களாம், வேலை நீக்கமாம். அவர் சொன்னதில் எதை நம்பவில்லை, ஏன் நம்பவில்லை, ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் உழைத்த மனிதனுக்கு ஒரு காரணம் எழுத அவர்களிடம் மை இல்லாமல் போயிற்றா?

அவர்கள் சொல்லாத காரணத்தை ஊரார் ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள். தைப்பூசத் தண்ணீர்ப்பந்தலுக்கு வருஷா வருஷம் அப்பாதானே பொறுப்பு? இந்த வருஷம் நீங்க ரெஸ்ட் எடுங்கண்ணே என்று சொல்லிவிட்டார்கள். ஏன் என்று அப்பாவும் கேட்கவில்லை. காவடி மேளம் கேட்டபோது தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு படுத்திருந்தார்.

இப்போது தன்னையே சந்தேகப்படுகிறார். சாவியைக் குடுத்துட்டேன்னு அன்னிக்கு உன்கிட்ட சொன்னேனா ஜெயா என்று சாப்பாட்டின் நடுவே கேட்கிறார்.

தொழிற்சங்கத்து மோகனராஜ் தம்பி வந்திருந்தார். கோர்ட்டுக்குப் போயி காரணத்தையாவது கேப்போம்லா, கையெழுத்து மட்டும் போடுங்கண்ணே என்று கெஞ்சினார். அப்பா பேனாவைத் தொடவில்லை. பெத்த மகளே கேட்டுட்டா, கோர்ட்டா என்னை நம்பப் போவுது என்றார்.

அன்று போனில், என்னப்பா செஞ்சீங்க என்று கேட்டாயே, அதைத்தான் சொல்கிறார். நீ பதறிப்போய்க் கேட்டாய், எனக்குத் தெரியும். அவர் மனசில் அது வேறு மாதிரி தைத்துவிட்டது.

இந்த மாதத்துக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் வழக்குப் போட முடியாதாம். மகளே, அவரைக் கூப்பிடு. எதையும் விசாரிக்காதே. நீங்க செஞ்சிருக்க மாட்டீங்க என்று சொல். எப்படி நம்புறே என்று கேட்பார். காரணம் தேடாதே. நீங்க என் அப்பா என்று மட்டும் சொல், தாயே.

உன் வாய்ச்சொல்லுக்காகக் காத்திருக்கும்
அம்மா ஜெயலெட்சுமி