அவளுக்கு இன்று லீவு

அன்பு மகள் இம்கேவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, இரத்த அழுத்தம்கூடச் சரியாக இருப்பதாக டாக்டர் சொன்னார், அது எப்படி என்று எனக்கே விளங்கவில்லை. வழக்கமாகக் கடிதத்தை அம்மா எழுதுவாள், அடியில் மிச்சமிருக்கும் இடத்தில் நான் இரண்டு வரி கிறுக்குவேன். இப்போது முழுத்தாளும் என் தலையில் விழுந்திருப்பதால் எங்கே தொடங்குவது என்று பிடிபடவில்லை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்.

அம்மாவை அடக்கம் செய்து ஒரு மாதம் ஆகப்போகிறது. டாக்டர் விமானப் பயணமே கூடாது என்று சொன்ன பிறகு நீ வராததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அதை மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. வந்திருந்தாலும் உனக்கு வேலை இருந்திருக்காது, எனக்கே இல்லை. நம் ஊர் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, இப்படி ஒன்று நடந்த வீட்டுக்காரர்கள் ஒரு துரும்பையும் அசைக்கக் கூடாது, எல்லாம் அக்கம்பக்கத்தார் பொறுப்பு. முதல் பக்கத்து வீடு என்ற முறையில் ஹைல்கே வந்து அம்மாவைக் கழுவித் துடைத்து நீல உடுப்பைப் போட்டுவிட்டாள், கோயிலில் மணி அடிக்கச் சொன்னாள், ஊரில் வீடு வீடாகப் போய்ச் செய்தி சொன்னாள். பெட்டியைத் தூக்கியது தெருக்காரர்கள். பத்திரிகையில் அறிவிப்புப் போடவா என்று என்னிடம் கேட்டாள், அது அப்படியே விட்டுப்போனது. அடக்கம் முடிந்து காப்பியோடு கொடுக்கிற வெண்ணெய்க் கேக்கை நான் சுடக் கூடாது என்று எங்கிருந்தோ வாங்கி வந்திருந்தார்கள். மாவில் உப்பே இல்லை. ரொட்டிக்காரன் வீட்டில் இப்படி ஒரு கேக்கா என்று நினைத்தேன், அன்று முழுவதும் எனக்குத் தோன்றியது அது ஒன்றுதான். அழுகை வரவில்லை. வரும் வரும் என்று எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் நம்முடையதாக இருக்காதே, அப்படி ஆள் முழுக்க மரத்துப்போயிருந்தேன். இப்போதும் பெரும்பாலும் அப்படித்தான்.

அடக்கத்துக்கு அடுத்த வாரம் வியாழக்கிழமை கை தானாகப் போய் அடுப்பை மூட்டிவிட்டது. மாவு பிசைந்து, உருட்டி, சுட்டு, எல்லாம் தட்டில் வரிசையாக வைத்த பிறகுதான் இதை யார் எடுத்துக்கொண்டு போவது என்ற நினைப்பே வந்தது. வியாழக்கிழமை என்றால் அம்மா ரொட்டி வண்டியை எடுத்துக்கொண்டு மாநிலச் சாலையோடு லாங்கன்ஃபென் வரை போகிற நாள் அல்லவா. அந்த ஊர்களில் கடை எல்லாம் மூடிப் போய் வருஷமாகிறது, இந்த வண்டியை நம்பித்தான் இருக்கிறார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, ஹைல்கே செய்தி சொன்னது நம் ஊர் எல்லை வரைக்கும்தான், வழக்கம் அவ்வளவுதான், சாலையில் இருப்பவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? பையைத் தூக்கிக்கொண்டு ஓரத்தில் வந்து நின்றுகொண்டிருப்பார்களே! சரி, நாமே போய்ச் சொல்லிவிட்டு ரொட்டியையும் கொடுத்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

உனக்குச் சிரிப்பு வரும், இத்தனை வருஷத்தில் அந்தச் சாலையை நான் பகல் வெளிச்சத்தில் சரியாகப் பார்த்ததே இல்லை. அவள் வண்டியை எடுக்கும்போது நான் படுக்கப் போவேன். ஊர்களை எல்லாம் ரொட்டியை வைத்துத்தான் எனக்குத் தெரியும். பிராம்லோ என்றால் கசகசா பன், ஊல்டே என்றால் நன்றாகக் கருகிய மேலோடு, ஹெசெல்கும் என்றால் திராட்சை போட்டது, லாங்கன்ஃபென் என்றால் புளித்த ரை தானிய ரொட்டி, அதுவும் நேற்றைய ரொட்டியாக இருந்தால் இன்னும் நல்லது என்பார்களாம். இரண்டு பக்கமும் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது, பின்னால் கோழி ஏற்றிய லாரி ஒன்று ஒட்டிக்கொண்டே வந்தது, நான் மெதுவாகப் போகிறேன் என்று ஹாரன் அடித்துத் தீர்த்துவிட்டான். பிராம்லோவில் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் தீயணைப்பு நிலையத்தின் வாசலிலேயே நிறுத்தி, கைமணியை ஆட்டினேன்.

முதலில் வந்தது டெப்பே அம்மாள். அம்மா எழுதியிருப்பாளே, பிராம்லோவே அவளுக்குப் பயப்படும் என்று, அவள்தான். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “கெசினே எங்கே, மாஸ்டர்?” என்று கேட்டாள். நான் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், இம்கே. “அவளுக்கு இன்னைக்கு லீவு” என்று வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவள் பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, “லீவா, எடுக்கட்டும், எடுக்கட்டும், இத்தனை வருஷமா ஒரு நாள் எடுத்தாளா? ரொட்டி நல்லாத்தான் வெந்திருக்கு மாஸ்டர், உங்க மூஞ்சிதான் இன்னும் வேகல” என்று சொல்லி வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பன் வாங்கிக்கொண்டு போனாள். ஒரு ஊரில் சொன்ன பிறகு அடுத்த ஊரில் மாற்றிச் சொல்ல முடியுமா? ஊல்டேயிலும் லீவு, ஹெசெல்கும்மிலும் லீவு. ஊல்டேயில் பெட்ரோல் பங்கு பக்கத்தில் தனியாக இருக்கிற ஓனோ, பழைய லாரி டிரைவர், “மோயின்” என்று வணக்கம் சொல்லிவிட்டு, “மாஸ்டர், கெசினேகிட்ட நான் கேட்டதா சொல்லுங்க” என்று சொல்லி ஆறு ரொட்டி வாங்கினான். தனி ஆளுக்கு ஆறு ரொட்டி எதற்கு, பைத்தியக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். லாங்கன்ஃபென்னில் கால்வாய்ப் பாலத்தருகே அலைடா கிழவி மட்டும் ஒன்றுமே கேட்கவில்லை, ரொட்டியை வாங்கிக்கொண்டு என் கையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். வீட்டுக்கு வந்த பிறகு என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. அடுத்த வியாழன் கட்டாயம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு எந்த முகத்தோடு சொல்வது என்று அந்த வாரம் முழுக்க அதே நினைப்பு.

அடுத்த வியாழனும் போனேன். டெப்பே அம்மாள், “இன்னும் லீவுதானா?” என்றாள், நானும் ஆமாம் என்றேன். ஓனோ மறுபடி ஆறு ரொட்டி. அவன் வண்டிக்குள்ளேயே எட்டிப் பார்த்து, “போன வாரம் பட்டறைக் கோடாலியால வெட்டுன மாதிரி வெட்டிக் குடுத்தீங்க, இந்த வாரமாவது மெல்லிசா வெட்டுங்க” என்று கிண்டல் செய்தான், நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஹெசெல்கும்மைத் தாண்டும்போது இனி ஒரே ஓர் ஊர்தான் பாக்கி, அங்கேயும் சொல்லாவிட்டால் இந்த ஜென்மத்தில் சொல்லப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது. பாலத்தருகே மணி அடிக்காமலே இறங்கிப் போய் அலைடாவின் கதவைத் தட்டினேன். வேலிக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டு, பாட்டி, அவளுக்கு லீவு இல்லை, அவள் இறந்துவிட்டாள் என்று சொன்னேன்.

தெரியும் மாஸ்டர் என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. “அன்னைக்குச் சாயங்காலமே தெரியும். உங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு உங்க ஊர் எல்லையில நிக்காம பிராம்லோ முதல் வீடு வரைக்கும் வந்து சொல்லிட்டுப் போச்சு. பிராம்லோ கடைசி வீட்டுக்காரங்க ஊல்டேக்குச் சொன்னாங்க, அவங்க ஹெசெல்கும்முக்கு. ரோடு முடியிறது எங்க ஊர்ல, அதனால எங்களுக்குத்தான் கடைசி” என்றாள். அப்படியானால் ஏன் யாருமே சொல்லவில்லை, நான் லீவு லீவு என்று புளுகிக்கொண்டே இருந்தேனே, நீங்கள் எல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தீர்களே என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அதற்கு அவள், “பறிகொடுத்தவன் வாயால அதச் சொல்ல வைக்கக் கூடாதுய்யா, அது அக்கம்பக்கத்தார் வேலை. நீங்க லீவுன்னீங்க, நாங்களும் லீவுன்னு இருந்தோம். கிறிஸ்துமஸ் வரைக்கும் சொல்லியிருந்தாலும் கேட்டுட்டுத்தான் இருந்திருப்போம்” என்றாள். அந்தச் சாலை முழுவதும், இம்கே, நான்கு ஊரும், எனக்கு அடுத்த வீடாக இருந்திருக்கிறது. ஓனோ அந்த ரொட்டிகளை வாத்துக்குப் போட்டிருப்பான், அதில் சந்தேகமே இல்லை.

திரும்பி வரும்போது வண்டி காலி. ஆனாலும் ஹெசெல்கும்மில் நிறுத்தி மணி அடித்தேன், பையோடு வந்தார்கள், ரொட்டி இல்லை, கெசினே இறந்துவிட்டாள், அதைச் சொல்லத்தான் நிறுத்தினேன் என்று சொன்னேன். ஒருத்தரும் தெரியும் என்று சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு அப்போதுதான் கேள்விப்படுகிற மாதிரி நின்றார்கள். ஊல்டேயிலும் சொன்னேன். ஓனோ முகத்தைத் திருப்பிக்கொண்டு பங்கிலிருக்கும் விலைப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு ஊராகச் சொல்லச் சொல்ல அந்த வார்த்தை என் காதுக்குள்ளும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. பிராம்லோவில் டெப்பே அம்மாளிடம் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. தீயணைப்பு வண்டிக்கு வழியை மறித்துக்கொண்டு நடுரோட்டில் நின்று அழுதேன். அவள் என் கையிலிருந்த மணியை வாங்கி வண்டிக்குள் வைத்துவிட்டு, நான் ஓய்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள். மறுநாள் காலையில் மறுபடி மரத்துப்போய்விட்டேன், ஆனால் அழுகை உள்ளே எங்கோ இருக்கிறது என்பது மட்டும் இப்போது தெரிகிறது.

இதை எல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், உனக்கு அன்று போன் செய்தது ஹைல்கே. பிறகு நீ எத்தனையோ தடவை பேசினாய், நான் மழையைப் பற்றியும் மாவு விலையைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிட்டேன். நீயும் அம்மா பேச்சை எடுக்கவே இல்லை, மழை எப்படி என்று நீயே கேட்டுக்கொண்டிருந்தாய். நீயும் அந்தச் சாலையில் வளர்ந்தவள்தானே. போதும், இம்கே, எனக்காக நீ லீவு என்று இருக்க வேண்டாம். உன் அம்மா இறந்துவிட்டாள். நான் சொல்லி நீ கேட்க வேண்டும் என்றிருந்தது, சொல்லிவிட்டேன்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்து நீ பெரும்பேறோடு இருக்க வேண்டும், கடவுள் உங்கள் மூன்று பேரையும் தன் கைக்குள் வைத்துக் காப்பாராக. இரும்புச்சத்து மாத்திரையைப் பாலோடு விழுங்காதே, அது வேலை செய்யாது என்று அம்மா எப்போதும் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய். அழ வேண்டும் என்றால் அழு, நான் மழையைப் பற்றிப் பேச மாட்டேன்.

உன்னை மார்போடு அணைத்துக்கொள்ளும்,
அப்பா லாம்பெர்ட்