இறங்கிய கோடு

அன்பு மகள் ஜெபாவுக்கு அம்மா எழுதுவது. திருவிடந்தையில் நானும் அப்பாவும் ஆண்டவர் தயவில் சுகம். தோஹாவில் உனக்கும் அப்படியே இருக்கட்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. நான் எழுதிய பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வு நேற்று முடிந்தது. தேறினால் படூர்க் கல்லூரியில் துடைப்பத்தை வைத்துவிட்டு ஆய்வக உதவியாளர் ஆகலாம். ஜூனுக்குள் சான்றிதழ் கேட்கிறார்கள். தவறினால் அதே படிக்கட்டு, ஓய்வு பெறும்வரை.

டியூஷன் தர்மராஜ் சார் எப்படி என்று கேட்டிருந்தாய். மேதை. வரைபடம் போட அவருக்குப் புள்ளியே வேண்டாம். முதலில் ஸ்கேலை வைத்து இடது கீழிருந்து வலது மேலே ஒரு கோடு. பிறகு அதன்மேல் மூன்று பொட்டு. கோட்டைப் பார்த்து அட்டவணையை நிரப்ப வேண்டும். சமன்பாடு மேலே சும்மா உட்கார்ந்திருக்கும். எல்லோரும் அப்படியே பழகினார்கள். ஒருநாள் நான், கோடு கீழே இறங்காதா சார் என்று கேட்டேன். ஆய்வகக் குப்பையில் நான் அள்ளும் தாள்களில் பாதிக் கோடுகள் இறங்குகின்றனவே. அதெல்லாம் காலேஜ் கணக்கும்மா, உனக்கு இன்னாத்துக்கு அது என்றார். வகுப்பே சிரித்தது.

செங்கல்பட்டு மையத்தில் வந்த கேள்வி y = 3 − 2x. மற்ற விடைகளை மனதுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டேன். இது சரியானால்தான் தேறுவேன். x-க்கு 0 போட்டால் 3. 1 போட்டால் 1. 2 போட்டால் −1. கோடு இறங்கியது. என்னோடு கல்லூரியில் பெருக்கும் சாராள் பக்கத்துப் பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்து, இன்னாடி, உன் கோடு வழுக்கிகினு போவுது, அழிடி என்றாள். சுற்றிலும் எங்கள் டியூஷன் ஆட்கள்தான், பார்த்தேன். எல்லாக் கோடுகளும் ஏறின. ரப்பரை எடுத்தேன். உன்னிடம் மறைக்கவில்லை, கீழ்ப்பாதியை அழித்தேன். உடனே என்மேலேயே எரிச்சல் வந்தது. கையில் கணக்கிருக்க, ஏன் பக்கத்துப் பெஞ்சைப் பார்க்கிறேன்? −1 போட்டேன். 5 வந்தது. மிச்சமிருந்த பாதிக் கோட்டின்மேல் நேராகப் போய் உட்கார்ந்தது. அழித்ததை மறுபடி போட்டேன். கறை இருக்கிறது. இருக்கட்டும்.

வெளியே தர்மராஜ் சார் நின்றிருந்தார், சாராள் அதற்குள் சொல்லிவிட்டாள் போல. எல்லாருக்கும் ஏறுது, உனக்கு மட்டும் எறங்குதா என்றார். கேள்வித்தாளையும் பேனாவையும் நீட்டினேன், நீங்களே புள்ளி வையுங்கள் சார் என்று. இரண்டு வைத்தார். மூன்றாவதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது அவருக்கு. சாராள் பஸ் நிறுத்தத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுக்கும் அதே வேலைதான் வேண்டும். அவளைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வரவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. ஏசியில் ஈரத் தலையோடு தூங்காதே. ஆண்டவர் உன் கையைப் பிடித்து நடத்தட்டும். போன வாரம் போனில், இந்த வயசுல இன்னாத்துக்கும்மா இந்தப் பேஜாரு என்றாயே, நர்ஸம்மா, அதே கணக்கில் x-க்கு 4 போட்டு y என்ன என்று மறக்காமல் எழுது. யாரையும் கேட்காதே. தப்பாக வந்தால் எனக்கு எழுத வேண்டாம், தர்மராஜ் சாரிடம் சேர்ந்துவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஜெசிந்தா ஏசுபாதம்