ஆடாத மவுண்ட்

ஜனவரி 6

விண்வெளிப் பங்காளியும் என் மனைவிக்கு ஒரே தம்பியுமான மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. பால்வீதி முழுக்க நலம். உன் அக்காவுக்கு மட்டும் கோபம். டெலஸ்கோப் வாங்க நாம் பாதிப்பாதி போட்ட பணத்தில் மவுண்ட் வாங்கிவிட்டேன். பூமி சுற்றச் சுற்ற, நட்சத்திரத்தின் பின்னாலேயே தானாகத் திரும்பும் தாங்கி. பூகம்பம் வந்தால் வீடுதான் ஆடும், இது ஆடாது. மொட்டைமாடிக்குத் தூக்கி வந்த நாலு பேரில் இரண்டு பேர் இன்னும் நிமிரவில்லை.

டெலஸ்கோப் எங்கே என்பாய். வாங்கவில்லை. உன் பங்கும் மவுண்டுக்கே போய்விட்டது. பழைய முக்காலியில் எடுத்த படத்திலெல்லாம் நட்சத்திரம் புழுவாக நெளிந்ததே, மறந்துவிட்டாயா? இப்போதைக்கு என் கேமராவை அதன்மேல் பூட்டியிருக்கிறேன். "யானை மேல எலிய ஏத்தியிருக்கீங்க" என்கிறாள் உன் அக்கா. சிரிக்கட்டும். என் ராஜ்ஜியத்தில் ஒரே சட்டம்: படம் எடுக்கும்போது யாரும் மவுண்டைத் தொடக்கூடாது. நான் உட்பட.

அடங்காத அத்தான்

ஜனவரி 15

அத்தானுக்கு,

நலம் விசாரிக்க மனசில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? நான் பணம் போட்டது படம் எடுக்க இல்லை, கண்ணை வைத்துப் பார்க்க. உங்கள் கேமராவுக்கு அவசரமில்லை. எனக்கு இருக்கிறது. ஓரத்திலிருந்து பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. போனது திரும்பாது என்று இரண்டாவது டாக்டரும் சொல்லிவிட்டார். இருட்டில் படியேறக் கூடாதாம். அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.

மவுண்டை விற்று என் பாதியை அனுப்புங்கள். அதோடு நம் கூட்டு முடிந்தது.

மைத்துனன்

ஜனவரி 24

அட மடையா,

இதை முன்னாலேயே சொல்வதற்கு என்ன? கடிதத்தை வாசலில் நின்றே படித்தேன். உள்ளே போக வெகுநேரம் ஆயிற்று.

ஆனாலும் மவுண்டை விற்க மாட்டேன். வழக்குப் போடு, ஐ.நா. சபைக்குப் போ. டெலஸ்கோப்பில் பார்த்தால் ஓரியன் நெபுலா என்கிற அந்த வாயு மேகம் கழுகுக் கண்ணுக்கும் சாம்பல் திட்டுதான். கேமரா அப்படியில்லை. மவுண்ட் ஆடாமல் நட்சத்திரத்தோடு கூடவே திரும்பினால், மணிக்கணக்காக வெளிச்சத்தைச் சேர்த்து வைக்கும். ஐந்து இரவு சேர்த்ததை பேனர் கடையில் கொடுத்து, கதவு அகலத்துக்கு அடித்து அனுப்பியிருக்கிறேன். "சார், தலைவர் போட்டோவ விட்டுட்டீங்களே!" என்று கடைக்காரர் பதறிவிட்டார்.

பட்டப்பகலில், மூக்கு இடிக்க நின்று பார். அதற்குமா டாக்டர் தடை போட்டார்?

பணம் தராத அத்தான்

பிப்ரவரி 2

அத்தான்,

பேனர் வந்தது. பீரோவை நகர்த்திவிட்டுத்தான் மாட்ட முடிந்தது. மூக்கு இடிக்கத்தான் பார்த்தேன். நடுவில் அவ்வளவு சிவப்பு. ஒவ்வொரு நட்சத்திரமும் ஊசி குத்தியது போலப் புள்ளி. ஒரு புழுகூட இல்லை.

அதற்காக நீங்கள் திருடன் இல்லை என்று ஆகிவிடாது. என் பாதியை நேரில் வந்து வசூலிக்கிறேன். சனிக்கிழமை பஸ். டாக்டர் சொன்னது அவரோடு இருக்கட்டும். அக்காவிடம் நானே சொல்லி, அவள் கையைப் பிடித்து மாடி ஏறுவேன். மேலே வந்ததும் மவுண்டைப் பிடித்துக்கொள்வேன். அது ஆடாது என்று நீங்கள்தானே எழுதினீர்கள்?

உங்கள் சட்டம் தெரியும். ஒரு படம் முழுக்கப் புழுவாகவே போகட்டும். தொடுவேன்.

உங்கள் பங்காளி