வெளியே போட்ட பூட்டு

ஹடப்சர், புனே
நவம்பர் 2004

அன்புள்ள சந்திரிகாவுக்கு,

இங்கே மூவருக்கும் உடம்பு நலம். உன் உடம்பைப் பற்றியும் உள்ளதை உள்ளபடி எழுது. தீபாவளி முடிந்ததுமே குளிர் பிடித்துக்கொண்டது, அப்பாவுக்கு இந்த மாதம் முழுக்கக் காலை ஷிப்ட், எனக்கு நூலகத்தில் பரீட்சை நேரக் கூட்டம்.

உன் கடிதத்தைத் தங்கை கோதைக்கு வாய்விட்டுப் படித்தேன். அங்கே பிள்ளைகளுக்கு நீ நடத்தும் வரலாற்றுப் பாடம். உலகப் போர்க்காலத்தில், நீ இப்போது இருக்கும் அந்த நாட்டிலேயே பிறந்த ஜப்பானிய வம்சத்தாரைக் குடும்பம் குடும்பமாக முகாமில் அடைத்தது. நடக்க முடியாதவர்களையும் விடாதது. உங்கள் பாதுகாப்புக்காகத்தான் என்று சிலர் அதற்குக் காரணம் சொன்னது. அடுத்த பாடம் ஊனமுற்றோர் உரிமை என்று எழுதியிருந்தாய். அதற்குள் உன் தங்கை கையைக் காட்டி நிறுத்தினாள். அவளுக்குப் பேச்சு மெதுவாகத்தானே வரும். பாதுகாப்புக்குன்னு இதையேதான நீயும் சொல்ற, என்றாள். எப்போது என்று கேட்டேன். பூட்டும்போது, என்றாள்.

நீ இருந்தவரை மதியம் வீட்டுக்கு வந்துவிடுவாய். நீ போன பிறகு அவளுக்கு முழு நாளும் வெளியே போட்ட பூட்டுதான். கேஸ் இருக்கிறது, தெரியாத ஆட்கள் வந்து மணி அடிக்கிறார்கள், அவள் கால் நிலைகொள்ளாது. எல்லாக் காரணமும் உண்மை. விழுந்துட்டா யாரு பாப்பாங்க என்று அப்பா கேட்டார். பூட்டி வச்சாலும் விழத்தான் செய்றேன், அப்ப யாரு பாக்கிறீங்க, என்றாள். அப்பா எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். எத்தனை முறை விழுந்தாள் என்று நாங்கள் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

திங்கட்கிழமை சாவியை அவளிடமே கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் கதவு திறந்து கிடக்கிறது, ஆள் இல்லை. ஓடினேன். கீழே கேட்டில் வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து வடாபாவ் தின்றுகொண்டிருந்தாள், பக்கத்தில் எதிர்வீட்டு வைஷாலி. உட்கார்ந்து உட்கார்ந்தே படியெல்லாம் இறங்கியிருக்கிறாள். முழங்கை சிராய்த்திருந்தது, முகமெல்லாம் சிரிப்பு. இத்தனை வருஷம் எதிரிலேயே இருக்கிறேன், உங்க பொண்ணு இவ்வளவு கிண்டல் பண்ணுவாள்னு தெரியாதே தீதி, என்று வைஷாலி இந்தியில் சொன்னாள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எல்லார் எதிரிலும் அவள் கையை முறுக்கிப் பிடித்துக் கத்தினேன். மறுநாள் மறுபடி பூட்டினேன். உன் நல்லதுக்குத்தான் என்று கதவைப் பார்த்துச் சொன்னேன்.

அதன்பின் என்னோடு அவள் பேசியது ஒரே முறை. அக்காவை கிளாஸ்ல என்னைப் பத்தியும் சொல்லச் சொல்லு, என்றாள். பெயர் சொல்லாமல் வேண்டுமானால் சொல்லட்டும் என்றேன். என் பேரைச் சொல்லட்டும், உன் பேரை வேணா விட்டுடச் சொல்லு, என்றாள்.

அதனால் எழுதுகிறேன். இரண்டு பெயரையும் சொல். எந்த முகாமோடும் என் வீட்டை ஒப்பிடாதே என்று முதலில் எழுதி, பிறகு அடித்துவிட்டேன். அதை நீ முடிவு செய்.

இன்று காலை பூட்டவில்லை. தைரியம் வந்ததால் இல்லை. கதவருகே வந்து நின்றாள், அவள் முகத்துக்கு நேராக உன் நல்லதுக்குத்தான் என்ற அந்த வார்த்தை வரவில்லை. இதை நூலக மேசையில் வைத்து எழுதுகிறேன். இப்போது அவள் வீட்டில் இருக்கிறாளா, படி இறங்குகிறாளா, எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு போன் செய்யலாம். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, பனியில் காதை மூடிக்கொண்டு போ. அப்பாவின் ஆசீர்வாதமும் என்னுடையதும் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்றை மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை போனில் முதலில் கோதையைக் கேள். ஒரு வார்த்தை வர நேரமாகும், காத்திரு. அவளுக்குப் பதிலாக நான் பேச மாட்டேன்.

உன் அம்மா,
தமிழரசி