கயலுக்கு இது மூன்றாவது பள்ளிக்கூடம், அக்கா

என் ராஜி அக்காவுக்கு,

நாங்கள் இப்போது பெரம்பலூரில் இருக்கிறோம். உன் இரண்டு பெண்களும் நானும். நீ பார்க்காத வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரிகிறது.

மூன்று நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய். மாமாவுக்கு லீவு முடிந்து வெளிநாட்டு வேலைக்குத் திரும்பவேண்டியிருந்தது. கிளம்பும்போது, "நீதாம்மா பாத்துக்கணும்" என்று மட்டும் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, அக்கா.

அரியலூரில் மெடிக்கல் கடை வேலையும் ஒற்றை அறையுமாகத் தனியே இருந்து பழகியவள் நான். காலாண்டு விடுமுறையிலேயே இரண்டு பேரையும் என்னோடு அழைத்துப்போய்விட நினைத்தேன். நாலாம் வகுப்பு கயலுக்கு உடனே டிசி கிடைத்தது. பத்தாம் வகுப்பு பவித்ராவுக்குத்தான் கிடைக்கவில்லை. "பொதுத்தேர்வு எழுதுற புள்ளம்மா. நடுவுல மாத்துனா அவதான் கஷ்டப்படுவா" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

"ஆறு மாசந்தானே சித்தி. நான் செல்வியம்மா வூட்டுல இருந்துக்கறேன்" என்றாள் பவித்ரா. உன் பக்கத்து வீட்டுச் செல்வியும் சரி என்றாள். அப்படித்தான் உன் ஊரான எறையூரில் ஒருத்தியும் அரியலூரில் ஒருத்தியுமாகப் பிரித்தேன். வேறு என்ன செய்திருக்கலாம்? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

கயல் புதுப் பள்ளிக்கூடத்தில் பேசவே இல்லை. "அட்டெண்டன்ஸ் எடுத்தாக்கூட கைய மட்டும் தூக்குறாம்மா" என்றார் டீச்சர். வீட்டிலும் அதேதான். போட்டதைச் சாப்பிடுவாள், தட்டைக் கழுவி வைப்பாள். எனக்கும் பிள்ளைகளிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஒரே அறையில் இரண்டு பேர் இருந்தோம், ஆளுக்கொரு தனிமையோடு. அவளுக்குத் தலைவாரும்போதெல்லாம் போனை எடுத்து உன்னிடம் கேட்கத் தோன்றும். உச்சி எந்தப் பக்கம் எடுப்பாய், அக்கா?

பவித்ரா சனிக்கிழமை வருவாள். ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏற்றிவிடுவோம். ஒரு ஞாயிறு அவளுக்கு முன்னால் கயல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். மடியில் பள்ளிக்கூடப் பை.

"பாப்பா, எறங்கும்மா. வண்டி எடுக்கணும்" என்றார் கண்டக்டர். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினேன். ஒன்றை விலக்கினால் இன்னொன்று பிடித்துக்கொண்டது. கடைசியில் மூன்று பேரும் இறங்கிவிட்டோம், பஸ் போய்விட்டது. பையைத் திறந்து பார்த்தேன். புத்தகம் ஒன்றுகூட இல்லை. மாற்றுத்துணி மட்டும், அவளே மடித்தது.

அங்கேயே நின்றுகொண்டு பவித்ரா சொன்னாள்: "நான் படிப்ப விட்டுடறேன் சித்தி. இவளோட இருந்துக்கறேன்."

கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு எடுக்கிற பெண் அழாமல் அதைச் சொன்னாள். "யாரும் எதையும் விட வேணாம். நான் வூடு மாத்துறேன்" என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். பெரம்பலூர் நடுவில் இருக்கிறது. பவித்ரா அங்கிருந்து எறையூருக்குப் போய்வரலாம். நான் அரியலூருக்குப் போய்வரலாம். சாயங்காலம் சீக்கிரம் கிளம்பலாமா என்று கடை முதலாளியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "ஆறு மணிக்கெல்லாம் கெளம்பிக்கம்மா" என்றுவிட்டார்.

அரையாண்டுக்கு முன்னால் மறுபடி பாத்திரங்களைக் கட்டினோம். கயலைச் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியர் கேட்டார், "ஒரே வருஷத்துல மூணாவது பள்ளிக்கூடமா?" "அக்காவோட இருக்கறதுக்கு சார்" என்றாள் கயல். எத்தனையோ நாளைக்குப் பிறகு வெளியாளிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. அவர் வேறொன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

இப்போது பேசுகிறாள். அக்காவும் தங்கையும் காலையில் ஏதோ குசுகுசுவென்று சொல்லிச் சிரிக்கிறார்கள். நான் உள்ளே நுழைந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். தப்பில்லை. நம் இரண்டு பேருக்கும் அப்படி ஒரு பேச்சு இருந்ததே. பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன். எனக்கு இனி யாரோடு அந்தப் பேச்சு?

போன வாரம் பக்கத்து வீட்டு அம்மா கயலிடம் கேட்டார்கள், "உங்கம்மா எங்க பாப்பா?"

"எறையூர்ல."

"எப்ப வருவாங்க?"

கயல் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டினேன். "நாங்கதாங்க போவணும்" என்றேன்.

அன்றைக்கு உன்னைத் தூக்கிப்போனபோது பெண்கள் வரக்கூடாதென்று எங்களைத் தெருமுனையோடு நிறுத்திவிட்டார்கள். உன்னைப் புதைத்த இடத்தை நாங்கள் மூன்று பேரும் இன்னும் பார்க்கவில்லை. பவித்ராவின் பரீட்சை முடிந்த மறுநாளே இரண்டு பேரையும் அங்கே கூட்டி வருகிறேன். யார் என்ன சொன்னாலும் தெருமுனையில் நிற்கமாட்டோம்.

உன் தங்கச்சி,
உன் பிள்ளைகளின் சித்தி,
சுமதி