தேயாத சின்னப் பிரஷ்

குளியலறைக் குழாய் திருத்த வந்த அண்ணை, அலுமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்த சின்னச் சிவப்புப் பிரஷை எடுத்து நீட்டினார்.

"இது ஆற்றை, அக்கா? எறியட்டோ?"

"என்ரைதான். எனக்குப் பல் சின்னன்," என்றேன். சிரித்துவிட்டுப் போனார். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். தும்பு தேயவே இல்லை. இரண்டு கிழமைக்கு ஒருக்கால் பாவித்த பிரஷ் எப்படித் தேயும்? உன் மகளுக்கு நீ வாங்கி வைத்தது, தங்கச்சி.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. இந்தக் கடிதத்தில் எழுத்துப் பிழை இருந்தால் வழமைபோலச் சிரி.

இரண்டாயிரத்து ஒன்பது மாசி, ஸ்னோ கொட்டின கிழமை, லண்டன் குட்மேய்ஸில் உன் வீட்டில் இருந்து போன் எடுத்து அழுதாய். மனிசன் கை நீட்டவில்லை. மூன்று மாதமாகக் கதைக்கவில்லை, அவ்வளவுதான். நான்தான் சொன்னேன்:

"கோவிச்சுக்கொண்டு எட்மண்டனுக்கு என்ரை வீட்டை வா. பிள்ளையை அவரிட்டை விட்டிட்டு வா. ரெண்டு நாள் தலை இழுத்துப் பின்னி, சோறு தீத்திப் பார்க்கட்டும். மூண்டாம் நாள் ஓடி வருவார்."

எங்கள் பெண்கள் அப்படித்தான் கோபித்தார்கள். ஆண்களும் அப்படித்தான் வந்து கூப்பிட்டார்கள்.

"அக்கா, நான் இல்லாமல் அவள் படுக்கமாட்டாள்."

"அதுதானே வேணும்," என்று சிரிக்கவும் செய்தேன்.

நீ பையோடு வந்தாய். மூன்றாம் நாள் அவர் வரவில்லை. தலை இழுக்க அவருடைய தமக்கை வந்துவிட்டார். மூன்றாம் கிழமை நீதிமன்றக் கடிதம் வந்தது.

சித்திரையில் ஊரில் போரை நிறுத்தச் சொல்லி எங்கள் சனமெல்லாம் வெஸ்ட்மின்ஸ்டரில் நின்றபோது நாங்கள் இரண்டு பேரும் நீதிமன்ற வாசலில் நின்றோம். இறுதி விசாரணை வரும்வரை பிள்ளை இருக்கிற வீட்டில் தகப்பனோடேயே இருக்கட்டும்; இரண்டு கிழமைக்கு ஒருக்கால் சனி, ஞாயிறு உன்னோடு; இது தற்காலிகம்தான், தீர்ப்பு இல்லை என்று மொழிபெயர்க்க வந்தவர் சொன்னார்.

"நான் அவளை விட்டிட்டுப் போகேல்லை எண்டு சொன்னீங்களோ, அண்ணை?" என்று கேட்டாய். சொன்னதாகத்தான் சொன்னார். ஆனால் வீட்டை விட்டுப் போனது யார், பிள்ளை நின்றது யாரோடு என்பதுதான் கடதாசியில் இருந்தது. கோபித்துக்கொண்டு போவதைப் பற்றி அங்கே எவருக்கும் தெரியாது.

"தற்காலிகம் எண்டால் எவ்வளவு நாள், அக்கா?" பஸ்ஸில் கேட்டாய்.

"தோசைமா புளிக்கிற நேரம்," என்றேன். நீயும் சிரித்தாய். இறங்கினதும் இந்தப் பிரஷை வாங்கினாய்.

விசாரணை மார்கழிக்குத் தள்ளிப் போனது. அதற்குள் பிள்ளை அந்த ஒழுங்குக்குப் பழகிவிட்டாள். பழகினதைக் குழப்பக்கூடாது என்று, தற்காலிகமாகச் சொன்னதையே முடிவாகவும் சொன்னார்கள்.

நீ என்னை ஒரு நாளும் குற்றம் சொல்லவில்லை. கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தும், "நீங்கள் நல்லதுக்குத்தானே சொன்னீங்கள்," என்றாய். ஏசியிருந்தால் ஒரு பகிடி விட்டுச் சமாளித்திருப்பேன்.

பிரஷைக் கழுவிப் பழைய குவளையிலேயே வைத்திருக்கிறேன்.

போன கிழமை பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி பையோடு வந்து மணி அடித்தாள். கண் வீங்கியிருந்தது. நான் அவள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன்.

"பிள்ளை எங்கை?"

"அவரோடை விட்டிட்டு வந்தனான், மாமி."

உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அவளுக்கு முன்னால் அவளுடைய வீட்டுப் பக்கம் நடந்தேன்.