பென்காவின் கழுத்தில் போட்ட குழாய்

பிப்ரவரி 12, திங்கள்

குழாய்கள் வந்துவிட்டன. நாற்பது பெட்டி. இரண்டு வருடமாக எழுதிய கடிதங்களுக்கு ஒருவழியாகப் பதில்.

பெரிய ஆபரேஷன் என்றால் கழுத்தில் துளைத்து, இதயத்தின் வாசல் வரை ஒரு மெல்லிய குழாயை விடுவோம். மருந்தெல்லாம் அதன் வழியாகத்தான். கிருமியும் அதே குழாயைப் பற்றிக்கொண்டு உள்ளே போகும். புதுக் குழாய்களில் உள்ளும் புறமும் கிருமியைக் கொல்லும் மருந்தைப் பூசியிருக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்துக்காகத்தான் இத்தனை சண்டை.

போன வருடம் அந்த மின்சார டிராலிபஸ் ஓட்டுநர். முப்பத்திரண்டு வயது. கணையம் வீங்கி வந்தவர், ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. பதினெட்டாம் நாள் இறந்துபோனார். நான் போட்ட குழாயில் வளர்ந்த கிருமிதான் காரணம். அவருடைய அம்மாவிடம் ரத்தத்தில் கிருமி என்று மட்டும் சொன்னேன். எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை.

பென்கா அக்கா பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நெயில் பாலிஷ் போட்டு அனுப்பியிருக்கானுங்க. நம்ம ஜனங்களுக்கு வந்த வாழ்வைப் பாரு ருமி."

இருபத்தாறு வருடமாக ஆபரேஷன் தியேட்டரில் கத்தி, கத்தரி எடுத்துக் கொடுக்கிறவள். இந்தக் குழாய்க்காக மாடி மாடியாக ஏறிக் கையெழுத்து வாங்கியதும் அவள்தான்.

பிப்ரவரி 29

பதினோரு பேருக்குப் போட்டாயிற்று. ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. யார் கண்ணும் படாமல் இருக்கட்டும்.

மார்ச் 1

வசந்தம் பிறக்கிற நாள். நோய் அண்டாமல் இருக்க, வருடா வருடம் போலக் காலையில் பென்கா எல்லார் மணிக்கட்டிலும் சிவப்பு வெள்ளை நூல் கட்டினாள். எனக்குக் கட்டக் குனிந்தபோது முகம் சுளித்தாள். வலது விலாவுக்குக் கீழே ஒரு மாதமாக வலியாம். ஒரு மாதம்! கையைப் பிடித்து ஸ்கேனுக்கு இழுத்துப் போனேன்.

கல்லீரலில் முஷ்டி அளவுக் கட்டி. நாயிடமிருந்து ஒட்டும் புழுவால் வருவது.

"தெருநாய்க்கெல்லாம் சோறு போட்டேன். சொல்லாம கொள்ளாம உள்ளேயே குடி வந்திருச்சுங்க" என்று சிரித்தாள். அந்தக் கட்டியின் நீர் உள்ளே கசிந்தால் உடம்பு மொத்தமும் ஒவ்வாமையில் சரிந்துவிடும் என்பது அவளுக்கும் தெரியும். இதே ஆபரேஷனில் எத்தனை பேருக்குக் கூட நின்றிருக்கிறாள்.

பத்து நாள் மாத்திரை. பிறகு ஆபரேஷன். இரண்டு நிபந்தனை போட்டாள். மயக்க மருந்தை நான்தான் கொடுக்க வேண்டும். அப்புறம், "எனக்கும் அந்த நெயில் பாலிஷ் குழாய்தான். கையெழுத்துக்கு அலைஞ்சவ நானு."

மார்ச் 12, செவ்வாய்

என்ன நடந்தது என்று வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

தூங்க வைத்தேன். தசை தளர்த்தும் மருந்து கொடுத்தேன். மூச்சுக் குழாய் வைத்தேன். எல்லாம் சரி. கழுத்தில் அயோடின் தடவி, அந்தப் புதுக் குழாயைப் போட்டேன். தையல் போட்டுக்கொண்டிருக்கும்போதே மானிட்டர் அலறியது. ரத்த அழுத்தம் நாற்பது. மார்பு இறுகிவிட்டது, காற்றே போகவில்லை. உதடு நீலம்.

வயிற்றில் இன்னும் கத்தியே படவில்லை.

அட்ரினலின், மேலும் அட்ரினலின். ஆபரேஷனை நிறுத்தித் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போனோம். மாலை வரை ரத்த அழுத்தம் நிலைக்கவில்லை. அந்தக் குழாய் வழியாகவே மருந்தை ஏற்றிக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 13

மதியம் கண்ணைத் திறந்தாள். பேச முடியாது, வாயில் மூச்சுக் குழாய். என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள் — முடிஞ்சுதா?

முடியவில்லை அக்கா. ஆரம்பிக்கவே இல்லை.

மார்ச் 15

ரத்தப் பரிசோதனை வந்தது. கடுமையான ஒவ்வாமைதான், சந்தேகமில்லை. எதனால்? எங்கள் துறைத் தலைவர் கலோயன் பலகையில் எழுதினார்: தசை மருந்து, ஆன்டிபயாடிக், கட்டி தானாகக் கசிந்தது. மூன்றையும் அலசினோம். ஒவ்வாமை நிபுணரிடம் அனுப்ப வேண்டும், ஆனால் சோதனைக்கு ஒரு மாதமாவது காத்திருக்க வேண்டும். சரி, காத்திருப்போம் என்று முடிவு.

பென்காவை வார்டுக்கு மாற்றியாயிற்று. கழுத்துக் குழாயை நேற்றே எடுத்துவிட்டேன்.

மார்ச் 21, வியாழன்

காத்திருக்க முடியவில்லை. இரண்டு நாளாகக் காய்ச்சல், கண்ணெல்லாம் மஞ்சள். கட்டி பித்தக் குழாய்க்குள் உடைகிறது. இன்று காலையே ஆபரேஷன் என்று முடிவானது.

போன தடவை கொடுத்த ஒரு மருந்தைக்கூடக் கொடுக்கவில்லை. தசை மருந்து வேறு, ஆன்டிபயாடிக் வேறு, கையுறைகூட வேறு. ஒவ்வொன்றாகக் கொடுத்து, காத்திருந்து, பார்த்து, அடுத்தது. எல்லாம் நன்றாக இருந்தது. பிறகு கழுத்தில் குழாய் போட்டேன்.

நான்கு நிமிடம்.

இதயம் நின்றுவிட்டது. பென்காவின் இதயம். நான்தான் மார்பை அமுக்கினேன். எலும்பு ஒன்று என் கைக்கடியில் முறிந்தது. அவள் கத்தரி நீட்டி நிற்க வேண்டிய இடத்தில் வேறொருத்தி நின்று அழுதுகொண்டிருந்தாள். பதினோரு நிமிடம்.

நடுவில் தொடையில் போட இன்னொரு குழாய் வேண்டும் என்று கேட்டேன். என் ஜூனியர் இஸ்க்ரா பாக்கெட்டை எடுத்து வந்து என் முகத்துக்கு நேரே பிரிக்கப் போனாள். அப்போது அந்த எழுத்து கண்ணில் பட்டது. குளோர்ஹெக்சிடின். குழாயின் மேல் பூசிய மருந்தின் பெயர். நூறு தடவை படித்திருக்கிறேன். நான் எழுதிய கடிதங்களிலேயே இருக்கிறது.

"பிரிக்காதே" என்றேன். கத்தினேனா, தெரியவில்லை. கழுத்துக் குழாயைத் தையலோடு பிடித்து இழுத்தேன். "பழசு ஒண்ணு கொண்டா. பூசாதது. எங்கேயாவது இருக்கும், தேடு."

கீழ் டிராயரில் இருந்தது. அது உள்ளே போய் இரண்டாவது அட்ரினலினுக்கு இதயம் திரும்பியது.

மார்ச் 22

நான்தான் கேட்டு வாங்கினேன். நான்தான் போட்டேன். ரெண்டு தடவை. முதல் தடவை அதை எடுக்காம ஒரு நாள் பூரா அதுலயே மருந்து ஏத்தினேன். உயிரைக் காப்பாத்துறேன்னு நெனச்சுக்கிட்டு.

இதற்கு மேல் எழுத முடியாது.

மார்ச் 23, சனி

உயிரோடு இருக்கிறாள். என் பெயரைச் சொன்னாள். வயிற்று டாக்டர் வாய்வழியாகக் கருவியை விட்டு, அடைபட்ட பித்தத்தை வடித்துவிட்டார். ஆபரேஷனுக்கு இனி அவசரமில்லை.

வீட்டுக்கு வந்து போன வருட நாட்குறிப்பை எடுத்தேன். ஏன் எடுத்தேன்? ஏதோ உறுத்தியது. அக்டோபர் 9, என் கையெழுத்தில்:

"பென்காவுக்குக் கை அரிப்பு விடவே இல்லை. களிம்பு கொடுத்தேன். போன வாரம் பல் பிடுங்கிய இடத்தில் வாய் கொப்பளிக்கக் கொடுத்த மருந்தில் உதடு பன் ரொட்டி மாதிரி வீங்கிவிட்டதாம். யாருக்கு முத்தம் கொடுக்கத் தயாராகிறாய் என்று புருஷன் கேட்டாராம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது."

வேடிக்கைக் கதையாக எழுதி வைத்திருக்கிறேன்.

அந்தக் கொப்பளிக்கும் மருந்தும் அதேதான். தியேட்டர் வாஷ்பேசினில் இருக்கும் இளஞ்சிவப்புத் திரவமும் அதேதான். இருபத்தாறு வருடம், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். அவள் உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிரியாகப் பார்க்கப் பழகிக்கொண்டது. கையும் உதடும் முன்கூட்டியே சொல்லின. என்னிடம்தான் சொல்லின. நான் சிரித்தேன்.

மார்ச் 25

கலோயனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பழைய பக்கத்தையும் காட்டினேன். அதை இரண்டு தடவை படித்தார். சோதனை முடிவு வரும்வரை பென்காவிடம் சொல்ல வேண்டாம் என்றார்.

"பயந்து போய் எவனாவது பூச்சே வேண்டாம்னு நாற்பது பெட்டியையும் திருப்பி அனுப்பினா, இன்னொரு டிராலிபஸ் டிரைவர் சாவான். அதுக்கு நீங்க தயாரா, ருமியானா?"

கெட்டவர் இல்லை. அந்த ஓட்டுநர் இறந்த அன்று காரில் உட்கார்ந்து அழுதவர். அவர் சொல்வதும் உண்மை. 

மார்ச் 26

ஆனாலும் சொல்லிவிட்டேன்.

பென்காவின் புருஷன் ஸ்தாமென் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். டான்யூப் நதியில் இழுவைப் படகு ஓட்டுகிறவர், அதிகம் பேச மாட்டார். நான் நின்றுகொண்டே சொன்னேன். டிராலிபஸ் ஓட்டுநர், குழாய், பூச்சு, முதல் தடவை, இரண்டாம் தடவை, அக்டோபர் பக்கம். எதையும் விடவில்லை.

அவர் உரிப்பதை நிறுத்தவில்லை. கடைசிச் சுளை வரை பிரித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"பூசாத குழாய் அந்தப் பையனைக் கொன்னுச்சு. பூசின குழாய் இவளைக் கொன்னுச்சு, நீங்க திருப்பிக் கொண்டாந்தீங்க. நாளைக்கு நான் வந்து படுத்தா எனக்கு எதைப் போடுவீங்க டாக்டரம்மா?"

"பூசினதுதான்" என்றேன். "ஆனா முதல்ல உங்ககிட்ட ரெண்டு கேள்வி கேப்பேன்."

பென்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கேக்கறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்றாள்.

"ஒரு நிமிஷம் அக்கா."

"என் உதட்டைப் பத்தி நானேதான் வந்து சொன்னேன். நீ கேக்கறதுக்குக்கூட அவசியம் இல்லாமப் போச்சு." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஸ்தாமென் ஒரு சுளையை என் பக்கம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். 

ஏப்ரல் 24

பென்காவுக்குச் சோதனை முடிந்தது. முன்கையில் அந்தப் பூச்சு மருந்து ஒரு சொட்டு, ஒரு சின்னக் குத்து. கால் மணி நேரத்தில் பட்டாணி அளவு தடிப்பு. மற்ற மருந்துகளுக்கு ஒன்றுமில்லை.

அதற்கு என்ன அர்த்தம் என்பது எனக்கு முன்னாலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. கை கழுவும் திரவம், துடைக்கும் பஞ்சு, அருகில் நிற்பவர்களின் கைகள் — தியேட்டரில் அது இல்லாத இடமே இல்லை. அவள் இனி அங்கே நிற்க முடியாது.

"என் செருப்பு லாக்கர்ல இருக்கு. யாரையாவது எடுத்துட்டு வரச் சொல்லு" என்றாள்.  நானே போய் எடுத்து வந்தேன்.

மே 8

ஆபரேஷன் முடிந்தது. அயோடின், பூசாத குழாய். கட்டியை முழுதாக எடுத்தார்கள். மூன்று மணி நேரமும் அவள் தலைமாட்டிலேயே நின்றேன்; மானிட்டரை நம்பாமல், ஒரு விரலை அவள் நாடியிலேயே வைத்திருந்தேன்.

குழாயை மூன்றாம் நாளே எடுத்துவிட வேண்டும். மறக்கக் கூடாது.

மே 19, ஞாயிறு

டிராலிபஸ் ஓட்டுநரின் அம்மாவைப் பார்க்கப் போனேன். ஐந்தாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை. என்னை அடையாளம் தெரிந்தது. உட்காரச் சொல்லி, சீஸ் அடைத்துச் சுட்ட பனித்ஸாவைத் தட்டில் வைத்தார்.

உங்கள் மகனைக் கொன்ற கிருமி நான் போட்ட குழாய் வழியாக வந்தது என்று சொன்னேன். அழுவார், துரத்துவார் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன்.

"தெரியும்" என்றார். "நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேனே. கழுத்துல அந்த இடந்தான் முதல்ல செவந்துச்சு. உங்க நர்ஸுகிட்டக் காட்டினேன். நீங்க யாராவது வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

பதினாலு மாசம். அந்தம்மா பதினாலு மாசமா காத்துக்கிட்டு இருந்திருக்காங்க.



ஜூலை 2, செவ்வாய்

பென்கா வேலைக்குத் திரும்பி மூன்று வாரம். ஆபரேஷனுக்கு வருகிறவர்களைச் சேர்க்கும் மேஜையில் உட்கார்கிறாள். கேள்வித்தாளை அவளே எழுதினாள். கலோயன் ஒரு வார்த்தை மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். முன்பு தியேட்டரில் பார்த்ததுபோல நாங்கள் பார்த்துக்கொள்வதில்லை. மதியச் சாப்பாட்டுக்கு அவள் வேறு மேஜைக்குப் போகிறாள்.

இன்று பட்டியலில் ஏழு பேர். ஐந்தாவது ஒரு பெண், முப்பத்தெட்டு வயது, பல் டாக்டரிடம் உதவியாளர். அவளுடைய தாளின் ஓரத்தில் பென்காவின் கையெழுத்து: "வாய் கொப்பளிச்சா உதடு வீங்குது. ரெண்டு தடவை. இதுவரைக்கும் எந்த டாக்டர்கிட்டயும் சொன்னதில்ல, யாரும் கேக்கலையாம்." கீழே இரண்டு கோடு.

ஆறு பேருக்குப் பூசிய குழாய் எடுத்து வைத்தேன். ஐந்தாம் பெயருக்குக் கீழ் டிராயரைத் திறந்தேன்.

அந்தப் பெண் பாக்கெட்டின் நிறம் வேறாக இருப்பதைக் கவனித்துவிட்டாள். "எனக்கு மட்டும் ஏன் டாக்டர் வேற குழாய்?" என்று கேட்டாள்.

தியேட்டர் தயார் என்று இஸ்க்ரா வாசலில் நின்று சொன்னாள். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.